உறிஞ்சும் சத்தம்

வௌவால் கறி தின்றால் மூச்சிளைப்பு ஓடிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காசிலிங்கம் மலைக்குகைக்குள் புகுந்து, சுவரெங்கும் அப்பிக் கிடந்த கூட்டத்தைக் கம்பால் அடித்து, விழுந்த ஒன்றைக் கொண்டுவந்து மனைவி முன்னால் போட்டான். மூத்திரமும் அழுகிய கொய்யாவும் கலந்த வாடை. வெள்ளத்தாயி மூக்கைப் பொத்திக்கொண்டு இறக்கையை விரித்தாள். அக்குளோரத்து முலையைக் கவ்விக்கொண்டு, கண் திறக்காத குட்டியொன்று செத்த தாயை இன்னும் சத்தமிட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தாள். காம்பில் பால் துளிர்த்தது.

மத்தியானம் அவன் சட்டியை வழித்துத் தின்றான். எலும்புகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்து உறிஞ்சினான். அதே சத்தம். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த குமட்டல் அப்போதுதான் அவளுக்குத் தொண்டைவரை வந்தது.

"நெஞ்சு லேசா இருக்குளா. குட்டி ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சே, அதையும் சேத்துத்தான போட்ட?"

"பூனை தூக்கிட்டுப் போயிட்டு."

"சரி விடு. நாளைக்கும் குட்டியோட ஒண்ணு அடிச்சிட்டு வாரேன்."

அவள் மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே சின்ன நகங்கள் ரவிக்கையைப் பற்றி மேலே மேலே ஏறின. நாற்றம் தாங்க முடியவில்லை. அவள் அசையாமல் நின்றாள்.