சப்பாத்திக் குழாய்

இரும்பாலை வாசலில் கதிர்வீச்சைக் கண்டறியும் கருவி அலறியது. வெள்ளியங்கிரியின் லாரியிலிருந்து, உள்ளே கதிரியக்கப் படிவு ஒட்டியிருந்த பழைய எண்ணெய்க் கிணற்றுக் குழாய்கள் அத்தனையையும் இறக்கினார்கள். காலி லாரி வாசலைக் கடந்தபோதும் அலறியது. அதிகாரி கைக்கருவியோடு கேபினுக்குள் ஏறி, சமையல் பெட்டியைத் திறந்தார். உள்ளே மாவு படிந்த முழ நீளக் குழாய்த் துண்டு ஒன்று இருந்தது.

"என்னய்யா இது?"

"சப்பாத்தி தேய்க்கறதுங்க சார். போன வருசம் இதே மாதிரி லோடுல ரெண்டு துண்டு அறுத்து எடுத்தேன்."

"இன்னொண்ணு எங்கே?"

வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போன் போட்டான். பலகையில் எதுவோ உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு மனைவியின் குரல்:

"சீக்கிரம் சொல்லுங்க, கையெல்லாம் மாவு."