தூக்குக்குண்டு

"அந்தப் பொண்ணோட அப்பா வந்திருக்கார் மேடம். 'அமைச்சரைப் பார்க்கணும்'னு சீட்டு எழுதிக் கொடுத்துட்டு, மனு கொடுக்க வந்தவங்களோட வரிசையில உக்காந்திருக்கார்."

செயலாளர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அமைச்சர் நிமிரவில்லை. இடிந்து விழுந்த பேருந்து நிலையக் கூரையின் வரைபடம் மேசை மேல் விரிந்து கிடந்தது. அதில் ஊர்ந்துகொண்டிருந்த பென்சில் மட்டும் நின்றது.

"அவர் முறை வரும்போது அனுப்புங்க."

"பத்திரிகைக்காரங்க பக்கத்து ஹால்ல கூடிட்டாங்க மேடம். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை..."

"சரி, வரச் சொல்லுங்க."

செயலாளர் உடனே நகரவில்லை. "கட்சி ஆபீஸ்லேருந்து மறுபடியும் போன். மேஸ்திரியைத்தான் போலீஸ் பிடிச்சாச்சே, அதோட விட்டுடச் சொல்றாங்க. செத்துப்போன இன்ஜினியர் பேரை இழுத்தா உங்க பதவிக்கே ஆபத்தாம்."

"முட்டுக்காலை எல்லாம் கழட்டச் சொன்னது மேஸ்திரியா?"

துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே, கூரையைத் தாங்கிய முட்டுக்கால்களைக் கழற்றி அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகச் சொன்னது அந்த இளம் பொறியாளர்தான். மேஸ்திரி அவள் சொன்னதைத்தான் செய்தான். கூரை விரிசல் விடும் சத்தம் கேட்டதும் உள்ளே ஓடி, அடியில் நின்றவர்களை வெளியே தள்ளிவிட்டதும் அவள்தான். தள்ள முடியாமல் போனவர்களோடு அவளும் போனாள். ஊருக்குத் தெரிந்தது பின்பாதி மட்டும். சுவருக்குச் சுவர் அவள் படத்தை ஒட்டியிருந்தார்கள்.

அமைச்சரிடம் இதற்கு மேல் வாதாடிப் பயனில்லை என்று செயலாளருக்குத் தெரியும். அரசியலுக்கு வருமுன் பாலம் கட்டியவர். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, தூக்குக்குண்டு இருக்கும். எழும்பிய சுவரின் ஓரத்தில் அதைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். ஒரு நூல் பிசகியிருந்தாலும் இடிக்கச் சொல்லிவிடுவார். கொத்தனார்கள் வைத்த அந்தப் பட்டப்பெயர் தேர்தல் மேடை வரைக்கும் கூடவே வந்தது. "தூக்குக்குண்டு வருது, நேரா நில்லுங்கப்பா" என்று சொந்தக் கட்சிக்காரர்களே முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

பெண்ணின் அப்பா உள்ளே வந்தார். செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு நழுவப் பார்த்தார்.

"நீங்க இங்கயே இருங்க" என்றார் அமைச்சர். பிறகு வந்தவரிடம், "உக்காருங்க."

"வேணாம். அமைச்சர்கிட்ட மனு கொடுக்க வந்தவன் நிக்கிறதுதான் மரியாதை."

"சொல்லுங்க."

"என் பொண்ணு பேரைச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் மனு."

"சொல்லாம இருக்க முடியாது."

"அத்தனை பேரைக் காப்பாத்திட்டுச் செத்தா. அதை மட்டும் சொன்னா போதாதா?"

"அதையும் சொல்லுவேன். இதையும் சொல்லுவேன்."

"இதைச் சொன்னப்புறம் அது எவன் காதுல விழும்?"

அமைச்சர் பென்சிலை வரைபடத்தின் ஓரத்தில் வைத்தார். அது உருண்டது. பிடித்து மறுபடி வைத்தார்.

"அவளா ஆசைப்பட்டுக் கழட்டச் சொன்னா?" வந்தவரின் குரல் ஏறியது. "திறப்பு விழா தேதி தேதின்னு மேலேருந்து கழுத்தைப் பிடிச்சாங்க. இருந்த கொஞ்ச முட்டுக்காலை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?"

"தேதி குறிச்சவ நான். என் பேரைத்தான் முதல்ல சொல்லப் போறேன். ராஜினாமாவையும் எழுதி வச்சாச்சு." அமைச்சர் நிறுத்தினார். "ஆனா எவ கழுத்தைப் பிடிச்சாலும் முடியாதுன்னு சொல்லத்தான் அங்க ஒரு இன்ஜினியரை நிக்க வைக்கிறது. அவ சொல்லல."

"பொணத்தைக் கூண்டுல ஏத்தி என்ன ஆகப் போகுது?"

"உயிரோட இருக்கிறவனைக் கூண்டுலேருந்து இறக்கலாம்."

"பெத்த வயிறு என்ன பாடுபடும்னு கொஞ்சம் நினைச்சுப் பார்க்க வேணாமா?"

செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது கிளம்பிப் போனது.

"மேஸ்திரிக்கும் அம்மா இருக்காங்க" என்றார் அமைச்சர். "காலையில இதே இடத்துல நின்னு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டுப் போனாங்க. 'எம்மவன் கொலைகாரனா தாயி?'ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

வந்தவர் மெல்லத் தலையாட்டினார். "கல்லுலகூட ஈரம் இருக்கும்னு சொல்வாங்க. நானும் ரொம்ப காலமா நம்பிக்கிட்டு இருந்தேன்."

ஹாலின் கதவைத் திறந்து ஒருவர் தலையை நீட்டினார். "மைக் தயாரா இருக்கு மேடம்."

அமைச்சர் எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். மனு கொடுக்க வந்தவரைக் கடந்து போனவர், கதவுக்கு அருகே நின்று திரும்பினார். எதிர்க்கட்சிக்காரர்கள் அடங்கிப்போகும் அந்தக் குரல் இப்போது செயலாளருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வீட்டுக்குப் போய் ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுங்க, நான் வர நேரமாகும். நம்ம பொண்ணு ரூமை மட்டும் பூட்டிடாதீங்க. இன்னைக்கும் நான் அவ கட்டில்லதான் படுத்துக்கப் போறேன்."