மெழுகு அப்பா

“வயித்தெரிச்சல்தான், வேறென்ன?” என்றாள் அத்தை, கல்யாணப் பெண்ணின் கழுத்தில் சங்கிலியை மாட்டிவிட்டபடி. “செத்துப்போனவர் மேலகூடவா ஒரு மனுஷன் பொறாமைப்படுவான்?”

சித்தப்பாவைத்தான் சொல்கிறாள். பெண்ணுக்கு மூன்று வயதில் அப்பா தவறிப்போனார். அதன்பிறகு அம்மா கட்டிக்கொண்டவர் சித்தப்பா. தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். அன்றிலிருந்து பெண் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். ‘அப்பான்னு கூப்பிடேன்’ என்று அவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு உனக்கு என்ன வேண்டும் என்று அம்மா கேட்டதும், “அப்பா பக்கத்துல நின்னு ஒரு படம் எடுத்துக்கணும்” என்று சொல்லிவிட்டாள் பெண். அத்தை சும்மா இருப்பாளா? கூடப் பிறந்த அண்ணன் ஆயிற்றே. ஆள் உயர மெழுகுச் சிலைக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

அந்தப் பேச்சை எடுத்த அன்றைக்கே சித்தப்பா சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டார். அதற்கப்புறம் மத்தியானமே பட்டறையைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பிப்போவார். கேட்டால், “ஒரு வேலை” என்று மழுப்புவார். பெண்ணுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஒரே ஒரு படம் கேட்டேன், அதுகூட இவருக்குப் பொறுக்கவில்லையா என்று நினைத்துக்கொண்டாள்.

“இன்னைக்கும் பாரு, மண்டபத்துக்குள்ள தலையே காட்டலை,” என்று அத்தை ஆரம்பிக்கும்போதே வெளியே சத்தம் கேட்டது.

“சிலை வந்தாச்சு, சிலை வந்தாச்சு.”

பெண் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பாதி அலங்காரத்தில் ஓடுகிறாளே என்று யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டியவர்கள் அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நாலு பேர் சுமந்து வந்து மேடையில் நிறுத்தினார்கள். சிலைக்காரர் துணியை உருவினார்.

அப்பா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம், இப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல ஒரு மினுமினுப்பு. பெண் மேடையேறிக் கிட்டே போனாள். வேலை பார்த்த இடத்து அடையாள அட்டையில் ஒட்டிய சின்னப் படம் ஒன்றில் தவிர அவளுக்கு அப்பாவைப் பார்த்ததாக நினைவே இல்லை.

“எப்படி என் ஏற்பாடு?” என்றாள் அத்தை பூரிப்போடு. “இப்ப இருந்தா எப்படியோ அப்படி வயசைக் கூட்டச் சொன்னேன், ஆனா நரை கூடாதுன்னு சொல்லிட்டேன். அம்மைத் தழும்பை எடுத்தாச்சு. முன்பக்கம் முடியும் கொஞ்சம் சேர்த்தாச்சு.”

அம்மா சிலையை மேலும் கீழும் பார்த்தாள். “இவ்வளவு அழகா இருந்திருந்தா இந்த மனுஷன் என்னை எங்கே கட்டியிருக்கப் போறார்?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போட்டோக்காரருக்கு அவசரம். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள அப்பாவும் பொண்ணும் மட்டும் ஒரு படம் எடுத்துடலாம். அப்பா கையைப் பிடிச்சுக்கோம்மா.”

அவள் ஆசையாகக் கையை எடுத்துப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அத்தையும் அப்போதுதான் கவனித்தாள். “என்னய்யா இது? மோதிர விரல் பாதியிலேயே நிக்குது? என் அண்ணனுக்குப் பத்து விரலும் முழுசா இருந்துச்சே. தலை முடிக்கு அவ்வளவு சொன்னேன், விரலைப் பத்தியும் தனியாச் சொல்லணுமா உனக்கு?”

சிலைக்காரருக்கு வேர்த்துவிட்டது. “தப்பு என் மேலதாம்மா. நீங்க குடுத்த படத்துல முகம் மட்டும்தானே இருந்துச்சு? உடம்புக்கும் கைக்கும் அளவு இல்லாம முழிச்சுக்கிட்டு இருந்தேன். அப்போ ஒருத்தர் தானா வந்தார். உங்க அண்ணனைவிடத் தான் ரெண்டு விரற்கடைதான் குட்டைன்னு சொல்லி, நான் வேணாங்கிற வரைக்கும் தினமும் வந்து அசையாம நின்னார். அவர் கையிலதான் அச்சு எடுத்தேன்.”

“விரல் இல்லாத ஆள்தானா உனக்குக் கிடைச்சான்?”

“அவரே சொல்லிட்டுத்தாம்மா போனார். ‘விரலை மட்டும் மறக்காம முழுசாக்கிடுங்க, இல்லேன்னா பொண்ணு கண்டுபிடிச்சுடுவா’ன்னு. அவசரத்துல விட்டுப்போச்சு.” அவர் பையைத் திறந்து மெழுகை எடுத்தார். “பத்தே நிமிஷம். ஒரு குறையும் இல்லாமப் பண்ணிடறேன்.”

“தொடாதீங்க,” என்றாள் பெண்.

மரம் அறுக்கும் இயந்திரம் கொண்டுபோன விரல் அது. அந்தக் கைதான் அவள் சைக்கிளின் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக ஓடியது. காய்ச்சலில் கிடந்தபோது அவள் நெற்றியில் இருந்ததும் அதுதான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவளுக்குத் தெரியும்.

“என்னடி தொடாதேங்கறே? குறையோட நின்னா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?” என்றாள் அத்தை.

பெண் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது, முகமெல்லாம் சிரிப்பாகவும் இருந்தது. அழாதே, பூசினதெல்லாம் கலைந்துவிடும் என்று யாரோ சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். “அப்பா பக்கத்துல ஒட்டி நில்லுங்க. எடுத்துடலாமா?”

“கொஞ்சம் இருங்க,” என்றாள் அவள், வாசல் பக்கம் பார்த்தபடி. “அப்பா வெளியில வண்டிகளை ஒழுங்கா நிறுத்தச் சொல்லிட்டு இருக்கார். யாராவது போய்க் கூட்டிட்டு வாங்க.”