வெயில் குடிக்கும் சுவர்

மலையூர் ஒன்றில், தெற்கே பெரிய கண்ணாடி ஜன்னலும் அதற்கு எதிரே தடித்த கருங்கல் சுவருமாக ஒரு வீடு கட்டினார்கள். பகல் முழுக்கச் சுவர் வெயிலைக் குடித்துக்கொள்ளும். இருட்டியதும் அந்தச் சூட்டை மெல்ல மெல்ல அறைக்குள் விடும். முதல் குளிர்காலத்தில் அந்த வீட்டில் யாரும் ஸ்வெட்டரைத் தேடவில்லை.

அடுத்த வருஷம் மெரூன் கலரில் ஒரு சோபா வந்தது. சோபா மேல் வெயில் படலாமா? துணி வெளுத்துவிடாதா? வீட்டுக்காரி ரோசலின் கனத்த திரை போட்டு ஜன்னலை மூடிவிட்டாள்.

சுவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏய் சோபா! உன் கலர் போகக் கூடாதுன்னு என்னைப் பட்டினி போட்டிருக்காங்க!"

"கத்தாதே," என்றது சோபா. "நான் ஷோரூம்ல இருந்து வந்தவன். வெயில் எனக்கு ஆகாது."

"உன் மேல சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் உறையையாவது கழட்டுனாங்களா? இதுவரைக்கும் ஒரு ஆள் உன் மேல உட்கார்ந்திருக்கானாடா?"



மார்கழி வந்தது. பிளாஸ்டிக் உறை சில்லிட்டுக் கிடந்ததால் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோசலினின் கணவன் சகாயம் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தான்.

"யப்பா, ஐஸ் மாதிரி இருக்கு! இந்தச் சனியன்தான் வீட்டையே குளிர வைக்குது."

"போன வருஷம் யாருடா உன்னைக் குளிர்காய வச்சது? திரையை விலக்குடா மடையா!" என்று சுவர் கத்தியது. அவன் காதில் விழவில்லை.

"இடிச்சுத் தள்ளுங்க," என்றாள் ரோசலின். "அந்த இடத்துல இன்னொரு சோபா போட்டுக்கலாம்."