நாளை முதல் கார் நிறுத்த இடமில்லை

கிட்ட வாங்க கண்ணுகளா, குட்டிக் கதைதான்.

நாளை முதல் நகர மையத்தில் கார் நிறுத்தக்கூடாது. அதையே சொல்லிச் சொல்லிக் காவலாளிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியாக ஒரு பழைய காரின் கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, ஒரு வாரம் விடுங்களேன்," என்றாள் உள்ளே இருந்தவள்.

"என் பொண்டாட்டிகூட ஒரே பேச்சை இத்தனை தடவை பேச வச்சதில்லம்மா! காரை வீட்டுல விட்டுட்டு பஸ்ல வாங்க."

அவள் தலைகுனிந்தாள். பின்சீட்டில் தலையணையைக் கட்டிக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, இதுதானே எங்க வீடு?"

காவலாளி விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என் வீட்டு வாசல் சும்மாதான் கிடக்கு. உங்க வீட்டை அங்க கொண்டாந்து நிறுத்தும்மா."

உங்கள் வீடு நின்ற இடத்திலேயே நிலைத்து நிற்கட்டும், செல்லங்களா.