குழந்தை அழும் சத்தம்

"இந்தா, நீதான் கான்வென்ட்ல படிச்சவளாச்சே. என்னான்னு வாசி."

பக்கத்து வீட்டு மதீனா அக்கா போனை பாஜிலாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். போன் பாஜிலாவின் மகள் நிலோபருடையது. ஒன்பதாவது படிக்கிறாள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அதற்கு அவள் பூட்டுப் போடுவதில்லை.

வந்த அறிவிப்புகளைத் தள்ளிவிட்டாலும் அவை போனுக்குள் ஓரிடத்தில் தங்கியிருக்குமாம். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டாலும், செட்டிங்ஸைத் தோண்டி அந்த இடத்தைத் திறந்து கொடுத்ததே மதீனாதான்.

பாஜிலா வாசித்தாள்.

"குழந்தை அழும் சத்தம் கேட்கிறதுன்னு போட்டிருக்குக்கா. ராத்திரி ஒரு மணிக்கு மேல. திரும்பத் திரும்ப வந்திருக்கு."

"நம்ம தெருவுல ஏது கைப்பிள்ளை?"

"அதான் எனக்கும் புரியல."

"எனக்குப் புரியுது. எவனோடயோ ஸ்பீக்கர்ல பேசியிருக்கா. அவன் வீட்டுப் பிள்ளை அழுதிருக்கு. அந்நேரம் நம்ம கம்பம் ஊர்ல எவன் முழிச்சிருப்பான்? ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்புக்காரன்தான். ஆத்தாடி, கல்யாணம் ஆனவன்டி!"

பாஜிலா அந்த வரியை மறுபடியும் வாசித்துப் பார்த்தாள்.

"ஒம் மாப்ளைக்குப் போனைப் போடு."

"வேணாம்க்கா. அவுக ஷார்ஜாவுல நிம்மதியா இருக்கட்டும்."

பெருநாளைக்கு வருகிறேன் என்றவர், இந்தத் தடவையும் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். கடையில் ஆள் வந்துவிட்டது என்று பாதிப் பேச்சில் வைத்துவிடுகிற மனுஷனிடம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

"நீ கல்லு மாதிரி நிக்கிற. நானா இருந்தா இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் மதீனா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த நிலோபர் புத்தகப்பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் பாஜிலா போனை நீட்டினாள்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"நடிக்காத. ராத்திரி யாரோட பேசுற? யார் வீட்டுப் பிள்ளை அழுகுது?"

நிலோபர் திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

"என் போனை ஏம்மா கேக்காம நோண்டுன?"

"பெத்தவ பாக்கக் கூடாதோ? அத்தா பக்கத்துல இல்லைன்னு குளிர் விட்டுப்போச்சா? நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையத்தான் கேக்கும். தனியாக் கெடந்து நான் படுற பாடு ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா."

அவள் அதைச் சொன்ன விதத்தில் பாஜிலா சற்றே தடுமாறினாள்.

"நான் யாரோடயும் பேசல. அது காது கேக்காதவுகளுக்குன்னு போன்ல உள்ள செட்டிங். பக்கத்துல நாய் குரைச்சா, யாரும் கதவைத் தட்டுனா, பிள்ளை அழுதா போன் அதிரும். அதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுப்பேன்."

"ஒனக்குத்தான் காது நல்லாக் கேக்குதே!"

"தூங்கிட்டா இடி விழுந்தாலும் கேக்காதுன்னு நீதான திட்டுவ?"

"கேட்டு என்ன ஆகப்போகுது? இந்த வீட்ல ஏதுடி பிள்ளை?"

நிலோபர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெரியவுக அழுதாலும் அதுக்குப் பிள்ளை அழுகுற மாதிரிதாம்மா கேக்குது."

பாஜிலா கையில் இருந்த போனைக் கீழே வைத்தாள். அடுத்த அறைக்குக் கேட்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"போன் அதிர்ந்தா... நீ என்ன செய்வ?"

"எந்திரிச்சு வந்தா நீ தூங்குற மாதிரி கண்ணை மூடிக்குவ. அதான், நீ அழுது முடிச்சுத் தூங்குற வரைக்கும் நானும் சும்மா முழிச்சுக் கெடப்பேன்மா."