வெறுங்கை அந்தோணியார்

எரிக்கும் அவன் மனைவி நோராவும் ஆரம்பித்த ஜன்னல் துடைக்கும் தொழிலுக்கு முதல் ஆர்டரே வில்லங்கமாக வந்தது. காக்ஸ் டவுன் சர்ச்சில் கரியேறிக் கிடந்த வண்ணக் கண்ணாடி அந்தோணியார்.

எல்லா சர்ச்சிலும் அவர் கையில் குழந்தை இயேசு இருப்பார். இங்கே கை காலி. பிள்ளையில்லாத யாருக்கோ கொடுத்துவிட்டாராம். அதனால் குழந்தை வேண்டுபவர்கள் அந்த ஜன்னலடியில்தான் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நோராவும் ஏற்றியவள்தான்.

“பாத்துத் தொடைம்மா. கலர் போச்சுன்னா ஜனங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க” என்றார் ஃபாதர்.

ஏணியில் ஏறிய நோரா ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தாள். சட்டென்று அவள் கை நின்றது.

“என்னாச்சு? கலர் போயிடுச்சா?” ஏணியைப் பிடித்திருந்த எரிக் பதறினான்.

“இல்லப்பா... கால் தெரியுது. சின்னக் கால்.”

மேலும் துடைத்தாள். குட்டி விரல்கள் தெரிந்தன. பிறகு ஒரு சிரித்த முகம். காலை வெயில் பட்டு, அந்தோணியாரின் கையில் குழந்தை தகதகத்தது.

ஃபாதர் அப்படியே முழந்தாளிட்டார்.

நோரா தன் கையிலிருந்த கறுத்த பஞ்சைப் பார்த்தாள்.

“அவரு யாருக்கும் குடுக்கல ஃபாதர். குழந்தை வேணும்னு நாங்க ஏத்தின மெழுகுவத்திதான் இந்தக் குழந்தையை மறைச்சிருக்கு.”